மாதவிடாய் நின்ற பின் உறவின்போது எரிவும் வலியும்: இது ஓமோன் குறைபாடா, யாரிடம் காட்டுவது?

கேள்வி
எழுதியவர்: சுன்னாகத்து ஆசிரியை

வணக்கம். எனக்கு 49 வயதாகிறது. மாதவிடாய் நின்று ஒரு வருடம் கடந்துவிட்டது. தொடக்கத்தில் இரவில் திடீரென உடல் சூடேறி வியர்த்துக் கொட்டும். அது இப்போது பெரும்பாலும் அடங்கிவிட்டது. அடங்காமல் மாதத்துக்கு மாதம் கூடிக்கொண்டு போவது வேறொன்று. கணவருடன் சேரும்போது யோனியின் வாயிலில் தோல் கீறியதுபோன்ற எரிவும் வலியும் ஏற்படுகின்றன. மறுநாள் சிறுநீர் கழிக்கும்போதும் அந்த எரிவு தொடர்கிறது. சிறுநீர்த் தொற்று என்று சொல்லி இந்த வருடத்தில் பல தடவை நுண்ணுயிர்க்கொல்லிக் குளிசைகள் தந்தார்கள். அவற்றை எடுத்து முடித்த சில வாரங்களில் அதே எரிவு திரும்பிவிடுகிறது.

வலி வரும் என்ற பயத்தினால் இரவில் குசினி வேலையை வேண்டுமென்றே நீட்டி, அவர் உறங்கிய பின்னரே படுக்கைக்குப் போகிறேன். விருப்பமும் இல்லாமற் போய்விட்டது. அவர் கோபித்துப் பேசுபவர் அல்லர். ஆனால் நான் அவரை வெறுத்துவிட்டேன் என்று எண்ணத் தொடங்கியிருக்கிறார் என்பதை அவருடைய முகத்திலிருந்தே அறிந்துகொள்கிறேன்.

தைரொயிட் குறைபாட்டுக்காகப் பல வருடங்களாகத் தைரொக்சின் எடுத்து வருகிறேன். அம்மா காலமான பின் ஏற்பட்ட மனச்சோர்வுக்காக ஒரு வைத்தியர் சேர்ட்ரலின் எழுதித் தந்தார், அதையும் தொடர்கிறேன். நீரிழிவு இல்லை.

என்னுடன் கற்பிக்கும் ஒருவர், எல்லா ஓமோன்களையும் ஒரே தடவையில் சோதிக்கும் இரத்தப் பரிசோதனைத் தொகுதி தனியார் ஆய்வுகூடங்களில் உண்டு, முதலில் அதைச் செய்யுங்கள் என்கிறார். இன்னொருவர் இணையத்தில் விற்கும் சாத்தாவாரிக் கூட்டுக் குளிசையைச் சொல்கிறார். ஓமோன் மருந்தைத் தொட்டால் மார்புப் புற்றுநோய் வரும் என்று என் மூத்த மச்சாள் எச்சரிக்கிறார். இது உண்மையில் ஓமோன் குறைவினால் வருவதா, விருப்பம் குறைந்ததற்கும் அதுதான் காரணமா, யாரிடம் போய் எப்படிச் சொல்வது என்று அறிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். இதுவரை எந்த வைத்தியரிடமும் சிறுநீர் எரிவு என்பதற்கு மேல் ஒரு சொல்லும் என் வாயிலிருந்து வரவில்லை.


பதில் 1
எழுதியவர்: மகளிர் நல வைத்தியர், வடமாகாணம்

வணக்கம் சகோதரி. உங்களை நேரில் பரிசோதிக்காமல் நோயை உறுதிசெய்ய முடியாது. ஆனால் மாதவிடாய் நின்றது, உடற்சூடு தானாக அடங்கியது, உறவின்போது வரும் எரிவு மட்டும் கூடிக்கொண்டே போவது, சிறுநீர் எரிவு திரும்பத் திரும்ப வருவது என்று நீங்கள் எழுதியிருக்கும் வரிசை எங்களுக்கு மிகவும் பழக்கமானது. இவை பெரும்பாலும் ஒரே காரணத்தின் பல முகங்கள்.

சூலகங்கள் ஈஸ்ட்ரஜன் சுரப்பதைக் குறைக்கும்போது அதன் விளைவை முழு உடலும் உணர்கிறது. ஆயினும் யோனி, யோனிமடல், சிறுநீர் வழி, சிறுநீர்ப்பையின் அடிப்பகுதி ஆகியவற்றின் கலங்கள் அந்த ஓமோனை மிகுதியாக எதிர்பார்த்திருப்பவை என்பதால் மாற்றம் அங்கே ஆழமாகப் பதிகிறது. யோனியின் உட்சுவர் மெலிகிறது, இரத்த ஓட்டம் குறைகிறது, உறவுக்கு முன் இயல்பாக ஊறும் ஈரமும் குறைகிறது. மெலிந்த சுவரில் கிளைக்கோஜன் என்னும் மாச்சத்துச் சேமிப்பு குறைவதனால், அதை நம்பி வாழும் லக்டோபசிலஸ் என்னும் நன்மை செய்யும் பக்ரீரியாக்களும் குறைகின்றன. அவை உருவாக்கும் அமிலத் தன்மையினால் முன்பு 4.5 ஐத் தாண்டாமல் இருந்த பிஎச் பெறுமானம் (அமிலத் தன்மையின் அளவு; கூடினால் அமிலம் குறைவு) 5 க்கு மேல் ஏறிவிடுகிறது. குடலிலிருந்து வரும் கிருமிகள் அங்கே தங்கிச் சிறுநீர் வழிக்குள் ஏறுவதற்கு அது வசதியாகிறது. நீங்கள் எடுத்த நுண்ணுயிர்க்கொல்லிகள் அந்தந்த வேளைக்குப் பயன்பட்டும் தொல்லை திரும்பி வந்ததற்கு இதுவே காரணமாக இருக்கலாம். பிறப்புறுப்பிலும் சிறுநீர்த் தொகுதியிலும் தோன்றும் இந்த அறிகுறிகளை 2014 ஆம் ஆண்டிலிருந்து மருத்துவ உலகம் ஒரே நோய்க்குறித் தொகுப்பாகவே கருதுகிறது. உடற்சூடு காலப்போக்கில் தணியும். இது சிகிச்சை இல்லாமல் தணிவது அரிது. ஆகவே பொறுத்திருந்து பார்க்கலாம் என்ற அறிவுரை இங்கே பொருந்தாது.

சிறுநீரைப் பற்றி இன்னொன்று. எரிவு வந்தவுடன் குளிசை எடுக்காமல், முதலில் சிறுநீரைக் கிருமி வளர்ப்புப் பரிசோதனைக்குக் கொடுங்கள். கிருமி வளரவில்லை என்றால் அந்த எரிவு தொற்றினால் வந்ததாக இல்லாமல் இருக்கலாம். மெலிந்த தோலில் சிறுநீர் படும்போதும் அப்படி எரியும். ஆறு மாதத்தில் இரண்டு தடவை அல்லது ஒரு வருடத்தில் மூன்று தடவை உண்மையான தொற்று உறுதியானால் அதை மீள் தொற்று என்போம். மாதவிடாய் நின்ற பெண்களில் யோனிக்குள் இடும் ஈஸ்ட்ரஜன் அத்தகைய தொற்றுக்களையும் குறைக்கிறது.

சிகிச்சை எளிமையானது. கிழமையில் இரண்டு, மூன்று தடவை இடும் ஈரப்பத ஜெல் ஒன்று; உறவின்போது பயன்படுத்தும், வாசனை சேர்க்காத, நீர் அடிப்படையிலான வழுக்கும் ஜெல் ஒன்று. இவை இரண்டும் ஓமோன் அல்ல, மருந்துச் சீட்டும் பொதுவாகத் தேவைப்படாது. இவை போதாதபோது, குறைந்த அளவு ஈஸ்ட்ரஜனை யோனிக்குள் இடும் கிறீமாகவோ சிறு குளிசையாகவோ தருவோம். 10 மைக்ரோகிராம் குளிசையை முதல் இரண்டு கிழமைகள் தினமும், அதன் பின் கிழமையில் இரண்டு நாள் வைப்பது வழமை. ஒரு வருடம் முழுவதும் வைத்தாலும் மொத்த ஈஸ்ட்ரஜன் ஏறத்தாழ 1.14 மில்லிகிராம்தான். இரத்தத்தில் அது சேரும் அளவு மிக மிகக் குறைவு. மாதவிடாய் நின்ற ஒரு பெண்ணின் இயல்பான மட்டத்தை விட்டு அது பெரிதாக விலகுவதில்லை. எரிவு சில கிழமைகளில் குறையத் தொடங்கும், முழுப் பயன் தெரிய மூன்று மாதம் வரை ஆகலாம்.

உங்கள் மச்சாள் சொன்ன அச்சத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 2002 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 16,608 பெண்கள் பங்குபற்றிய ஒரு பெரிய ஆய்வின் ஒரு பகுதி, மார்புப் புற்றுநோய் சற்றுக் கூடியதனால் இடையில் நிறுத்தப்பட்டது. அந்தப் பெண்கள் எடுத்தது வாய்வழியாக விழுங்கும் ஈஸ்ட்ரஜனும் செயற்கைப் புரொஜஸ்ரரோனும் சேர்ந்த குளிசை. அவர்களுடைய சராசரி வயது 63. அந்தச் செய்தி உலகெங்கும் பரவியபோது, யோனிக்குள் இடும் சிறு அளவு மருந்தும் அதே குற்றச்சாட்டுக்குள் அகப்பட்டுக்கொண்டது. இந்த ஒரு குழப்பத்தினால் இருபது வருடங்களுக்கு மேலாக எத்தனை பெண்கள் தேவையற்ற வலியைச் சுமந்தார்கள் என்று எண்ணும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. மார்புப் புற்றுநோய் வந்தவர்களின் நிலை வேறு. அவர்கள் புற்றுநோய் வைத்திய நிபுணரின் சம்மதம் இல்லாமல் எந்த ஓமோனையும் பயன்படுத்தக் கூடாது.

இனி விருப்பம் குறைந்தது பற்றி. வலியை எதிர்பார்க்கும் உடலில் விருப்பம் எழாமல் இருப்பது இயற்கை. ஆதலால் முதலில் வலியைத் தீர்ப்பதுதான் ஒழுங்கு. பலருக்கு அதன் பின் விருப்பம் தானாகவே திரும்புகிறது. ஆனால் உங்கள் விடயத்தில் சேர்ட்ரலினையும் கணக்கில் எடுக்க வேண்டும். அந்த வகை மருந்துகள் விருப்பத்தைக் குறைக்கலாம், உச்சத்தை அடைவதைத் தாமதிக்கவோ தடுக்கவோ செய்யலாம். இதை வாசித்துவிட்டு இன்றே குளிசையை நிறுத்திவிடாதீர்கள். திடீரென நிறுத்தினால் தலைச்சுற்று, பதற்றம் என்பவற்றுடன் மனச்சோர்வும் திரும்பலாம். எழுதித் தந்த வைத்தியரிடம் இந்தப் பக்கவிளைவைச் சொல்லுங்கள். அளவை மாற்றவோ, இத்தகைய விளைவு குறைந்த வேறு மருந்துக்கு மாறவோ வழி உண்டு. தைரொயிட்டுக்காக டிஎஸ்எச் என்னும் இரத்தப் பரிசோதனையை அண்மையில் செய்யவில்லை என்றால் செய்துகொள்ளுங்கள். பிற்காலத்தில் யாராவது உங்களுக்கு விழுங்கும் ஈஸ்ட்ரஜன் குளிசை எழுதினால் தைரொக்சினின் அளவையும் கூட்ட வேண்டி வரலாம். யோனிக்குள் இடும் மருந்தினால் அப்படி நேர்வதில்லை.

எல்லா ஓமோன்களையும் சோதிக்கும் தொகுதி உங்களுக்குத் தேவையில்லை. 45 வயதைக் கடந்த ஒரு பெண்ணுக்கு ஒரு வருடமாக மாதவிடாய் வரவில்லை என்பதே போதிய சான்று. 40 வயதுக்கு முன் நின்றால்தான் சூலகத்தைத் தூண்டும் எஃப்எஸ்எச் ஓமோனைப் பார்ப்பது கட்டாயம். ஆண்களில் மிகுதியாகவும் பெண்களில் சிறிதளவும் சுரக்கும் டெஸ்டொஸ்டெரோன் என்னும் ஓமோனின் மட்டத்தைப் பார்த்து விருப்பக் குறைவைக் கண்டறியவும் முடியாது. இவ்வளவுக்குக் கீழே என்றால் நோய் என்று சொல்லக்கூடிய ஓர் எல்லை பெண்களுக்கு இல்லை என்று 2019 இல் உலகளாவிய நிபுணர் குழுக்கள் கூட்டாக அறிவித்தன. மாதவிடாய் நின்ற சில பெண்களுக்கு, மற்ற எல்லாக் காரணங்களையும் தீர்த்த பின்னும் விருப்பக் குறைவு மனவேதனை தந்தால், சிறு அளவு டெஸ்டொஸ்டெரோன் பயன்படலாம். அது நிபுணரின் மேற்பார்வையில் மட்டும் செய்ய வேண்டியது.

சாத்தாவாரியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது எம் நாட்டு மருத்துவத்தின் மதிப்புள்ள மூலிகை. சித்த மருத்துவத்தை நாடுவதானால் கைதடி சித்த போதனா வைத்தியசாலை போன்ற இடங்களில் பதிவு பெற்ற மருத்துவரிடம் காட்டுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதப்படாத கூட்டுக் குளிசையை இணையத்தில் வாங்குவதைத்தான் நான் தடுக்கிறேன்.

கடைசியாக, மருந்து தொடங்குமுன் ஒருவர் அந்த இடத்தைக் கண்ணால் பார்த்தேயாக வேண்டும். கடும் அரிப்புடன் வெள்ளைத் திட்டுகள் இருந்தால் அது வறட்சி அல்ல, வேறு சிகிச்சை வேண்டிய தோல் நோயாக இருக்கலாம். மாதவிடாய் நின்ற பின் ஒரு துளி இரத்தம் பட்டாலும் அதைக் காத்திராமல் காட்ட வேண்டும். பெரும்பாலும் காரணம் சிறியதாகவே இருக்கும், ஆயினும் கருப்பைப் புற்றுநோய் இல்லை என்பதை உறுதிசெய்த பின்னரே அப்படிச் சொல்லலாம்.


பதில் 2
எழுதியவர்: ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர், கோப்பாய்

தங்கைக்கு வணக்கம். வைத்தியர் நோயைப் பற்றித் தெளிவாக எழுதிவிட்டார். எங்கே போவது, எப்படிச் சொல்வது என்பதை நான் எழுதுகிறேன். என் சேவைக்காலம் முழுவதும் பெண்கள் தடுமாறிய இடம் அதுதான்.

உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் சுகவனிதையர் கிளினிக் நடக்கும். 1996 இல் இலங்கையில் தொடங்கப்பட்ட இந்தச் சேவை 35 வயதைக் கடந்த பெண்களுக்கானது. கட்டணம் எதுவும் இல்லை. இரத்த அழுத்தம், சர்க்கரை, மார்பகப் பரிசோதனை, கருப்பைக் கழுத்துப் பரிசோதனை எல்லாம் செய்வார்கள். பலர் இதைப் புற்றுநோய் பார்க்கும் கிளினிக் என்று மட்டும் எண்ணி, எனக்கு ஒன்றும் இல்லையே என்று போகாமல் இருந்துவிடுகிறார்கள். உங்களுடைய வலியைச் சொல்வதற்கும் அதுவே பொருத்தமான இடம். அங்குள்ளவர்கள் பெரும்பாலும் பெண்கள். எப்படியும் அந்தப் பரிசோதனைக்காகத் திரைக்குப் பின்னால் படுக்கத்தான் வேண்டும், எனவே தனியாகக் கேட்க ஒரு சந்தர்ப்பம் கிடைக்கும். தேவைப்பட்டால் அங்கிருந்தே யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் பெண்நோயியல் கிளினிக்குக்குக் கடிதம் தருவார்கள்.

என்ன சொல்வது என்று கேட்டீர்கள். "மாதவிடாய் நின்ற பின் குடும்ப உறவின்போது கீழே எரிகிறது, வலிக்கிறது" என்ற ஒரு வசனம் போதும். வாயால் சொல்ல முடியாவிட்டால் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி நீட்டுங்கள். அப்படி எழுதித் தந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன், எந்த வைத்தியரும் அதைத் தவறாக எடுத்ததில்லை. மானிப்பாயில் அமெரிக்க மிசன் வைத்தியரான கிறீன் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே எங்கள் பிள்ளைகளுக்கு மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழில் கற்பித்த மண் இது. அப்படிப்பட்ட மண்ணில் ஒரு பெண் தன் உடம்பில் வலிக்கும் இடத்தைத் தமிழில் சொல்ல ஏன் கூச வேண்டும்?

வீட்டில் செய்யக் கூடாததையும் சொல்லிவிடுகிறேன். எரிவு என்றவுடன் டெற்றோல் கலந்த வெந்நீரிலும் வாசனைச் சவர்க்காரத்திலும் கழுவுபவர்கள் எங்கள் ஊரில் மிக அதிகம். அது ஏற்கெனவே மெலிந்த தோலை மேலும் வறட்டும். வெளிப்பகுதியை வெறும் நீரால் கழுவினாற் போதும். உள்ளே கழுவவே கூடாது. தேங்காய் எண்ணெயைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். சிலருக்கு அது இதமாக இருக்கும். ஆனால் ஆணுறை பாவிக்கும் தம்பதியர் எந்த எண்ணெயையும் தொடக் கூடாது, இறப்பர் இளகிக் கிழிந்துவிடும்.

இதை வாசிக்கும் இளம் தாய்மாருக்கும் ஒரு சொல். குழந்தைக்குப் பால் கொடுக்கும் காலத்தில் பால் சுரக்கச் செய்யும் புரொலக்ரின் என்னும் ஓமோன் கூடி ஈஸ்ட்ரஜன் குறைந்திருக்கும். பிரசவித்துச் சில மாதங்களின் பின்னும் வறட்சியும் வலியும் விருப்பமின்மையும் இருப்பதற்கு அதுவும், தூக்கமில்லாத இரவுகளும், தையல் போட்ட இடத்தின் நோவும் காரணமாகின்றன. வீடுகளுக்குப் போகும்போது குழந்தையின் நிறையை ஆவலோடு கேட்கும் மாமிமார், மருமகளுக்கு நோகிறதா என்று கேட்டதை நான் அரிதாகவே கண்டேன். வீட்டுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடம் இதைக் கேளுங்கள், பிள்ளைகளே. பால் கொடுப்பதை இதற்காக நிறுத்த வேண்டியதில்லை.


பதில் 3
எழுதியவர்: கரவெட்டியிலிருந்து ஒரு தங்கை

அக்கா, உங்களுடைய வயது வேறு, என்னுடைய வயது வேறு. ஆயினும் ஓமோன் என்றால் மாதவிடாய் நிற்பது மட்டும் என்று இதை வாசிப்பவர்கள் எண்ணிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

எனக்கு 31 வயது. திருமணமான பின் சில மாதங்களில் மாதவிடாய் தள்ளித் தள்ளிப் போய், பின்னர் அடியோடு நின்றது. கர்ப்பம் என்று வீட்டார் மகிழ்ந்தார்கள். பரிசோதனையில் இல்லை என்று வந்தது. அதன் பின் கணவர் அருகில் வந்தாலே மனம் மரத்துப்போனதுபோல இருந்தது. சேர்ந்தால் வறட்சியும் எரிவும். திருமண வாழ்க்கைக்கு நான் பொருத்தமில்லாதவள் என்றே உறவினர் ஒருவர் என் அம்மாவிடம் சொன்னார். கோயிலில் நேர்த்தி வைத்தோம், சாதகமும் பார்த்தோம்.

ஒரு நாள் குளிக்கும்போது மார்பிலிருந்து பால்போன்ற துளி வந்ததைக் கண்டு பயந்துதான் பெண்நோயியல் நிபுணரிடம் போனேன். அவர் முதலில் கேட்ட கேள்வி, வேறு என்ன குளிசை எடுக்கிறீர்கள் என்பது. வயிற்றெரிவுக்கும் ஓங்காளத்துக்கும் ஒரு தனியார் கிளினிக்கில் தந்த டொம்பெரிடோனை நீண்ட காலமாகத் தொடர்ந்து எடுத்து வந்தேன். அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அந்தக் குளிசை மூளையின் கீழுள்ள கபச்சுரப்பியில் டொபமின் என்னும் மூளை இரசாயனத்தின் தடையை நீக்கிவிடுவதனால் புரொலக்ரின் ஏறுகிறது. ஏறிய புரொலக்ரின் சூலகங்களுக்குப் போகும் கட்டளையை அடக்குகிறது. அதனால் ஈஸ்ட்ரஜனும் குறைந்து, மாதவிடாயும் ஈரமும் விருப்பமும் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்விடுகின்றன என்று அவர் படம் வரைந்து விளக்கினார். ஓங்காளத்துக்குத் தரும் மெற்றோகுளோபிரமைட்டும், மனநோய்க்குத் தரும் ரிஸ்பெரிடோன் போன்ற சில மருந்துகளும் இதையே செய்யக்கூடுமாம். மனநோய் மருந்தை ஒருபோதும் தாமாக நிறுத்தக் கூடாது என்றும் சொன்னார்.

குளிசையை நிறுத்தி மீண்டும் சோதித்தபோது புரொலக்ரின் இறங்கியிருந்தது. இறங்கியிராவிட்டால் தைரொயிட்டைப் பார்த்து, கபச்சுரப்பியில் சிறு கட்டி இருக்கிறதா என்று எம்ஆர்ஐ எடுத்திருப்பார்களாம். அப்படி இருந்தாலும் பெரும்பாலும் கபெர்கொலின் போன்ற குளிசையாலேயே சரிசெய்யலாம் என்று ஆறுதல் கூறினார். மாதவிடாய் திரும்பியது. விருப்பம் திரும்பச் சற்றுக் கூடுதல் காலம் எடுத்தது, ஏனென்றால் அதற்குள் எங்கள் இருவருக்கும் இடையில் மனக்கசப்பு வளர்ந்திருந்தது.

ஆகவே அக்கா, எந்த வைத்தியரிடம் போனாலும் வீட்டில் உள்ள எல்லாக் குளிசைகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள். நீரிழிவுள்ள என் சித்திக்கு அரிப்பும் எரிவும் திரும்பத் திரும்ப வந்ததற்கு, சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் புதிய வகைக் குளிசையினால் வரும் பங்கசுத் தொற்றுத்தான் காரணம் என்று அப்படித்தான் கண்டுபிடித்தார்கள்.


பதில் 4
எழுதியவர்: தெல்லிப்பழை வாசகர்

சகோதரி, ஓர் ஆண் இந்த இடத்தில் எழுதலாமா என்று யோசித்தேன். உங்கள் கணவரின் முகத்தைப் பற்றி நீங்கள் எழுதிய வரி என்னை எழுத வைத்தது.

என் மனைவிக்கு மார்புப் புற்றுநோய். தெல்லிப்பழையில் சிகிச்சை பெற்று நலமாக இருக்கிறார். இப்போது லெற்றோசோல் எடுக்கிறார். உடலில் மிஞ்சியிருக்கும் ஈஸ்ட்ரஜனையும் அடக்குவதே அந்தக் குளிசையின் வேலை. உயிரைக் காக்கும் அதே வேலைதான் வறட்சியையும் வலியையும் தந்தது. அவர் என்னைத் தவிர்த்தபோது, சத்திரசிகிச்சையின் பின் தன்னை நான் அருவருக்கிறேன் என்று அவரும், நோய்க்குப் பின் நான் அவருக்குப் பாரமாகிவிட்டேன் என்று நானும் எண்ணிக்கொண்டு ஒரே வீட்டில் அந்நியர்போல இருந்தோம். ஒரு தாதி அவரிடம் தனியாகக் கேட்ட பின்னரே உண்மை வெளியே வந்தது.

அவருக்கு ஈஸ்ட்ரஜன் கிறீம் தரவில்லை. லெற்றோசோல் எடுப்பவர்களில் முதலில் ஓமோன் அல்லாத வழிகளையே முழுமையாகச் செய்து பார்க்க வேண்டும் என்று நிபுணர் கூறினார். கயலூரோனிக் அமிலம் சேர்ந்த ஈரப்பத ஜெல்லை ஒழுங்காக இட்டு வந்தார். இடுப்புத்தளத் தசைகளைத் தளர்த்தும் பயிற்சியை ஒரு இயன்மருத்துவர் கற்றுக்கொடுத்தார். வலியை எதிர்பார்த்து அந்தத் தசைகள் தாமாக இறுகிவிடுகின்றன என்பதும், எரிவு ஆறிய பின்னும் அந்த இறுக்கமே வலியைத் தொடர வைக்கும் என்பதும் நான் அதுவரை அறியாதவை. முழுமையான உறவு இல்லாமலே நெருக்கமாக இருப்பது என்று சில மாதங்களுக்கு நாங்கள் இருவரும் பேசி முடிவெடுத்தோம். அவருடைய பயம் போனது அந்த மாதங்களில்தான்.

உங்கள் கணவரும் ஓமோனைப் பற்றி எதுவும் அறியாதவராகத்தான் இருப்பார். எங்கள் வயது ஆண்களுக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லை. வலிக்கிறது என்று நீங்கள் சொன்னால், நல்ல மனிதர் எவரும் அதைக் கேட்டு ஆறுதலே அடைவார், ஏனென்றால் அவர் இப்போது நினைத்துக்கொண்டிருப்பது அதைவிடக் கொடியது. முடிந்தால் முதல் பதிலை அவரிடம் வாசிக்கக் கொடுங்கள்.


கேள்வி கேட்டவர்
சுன்னாகத்து ஆசிரியை

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. கணவரிடம் வைத்தியரின் பதிலை வாசிக்கக் கொடுத்தேன். இரண்டு தடவை வாசித்துவிட்டு, ஏன் இவ்வளவு காலம் சொல்லவில்லை என்று மட்டும் கேட்டார். கிளினிக் நாளை அறிந்துகொண்டேன், அவரும் கூட வருகிறார். வைத்தியரிடம் இரண்டு சந்தேகங்கள். கிறீம் தந்தால் அதை வாழ்நாள் முழுவதும் இட வேண்டுமா? சிகிச்சை தொடங்கும்வரை வலியைப் பொறுத்துக்கொண்டு உறவைத் தொடர்வது நல்லதா, விட்டுவிட்டால் நிலைமை மோசமாகுமா?


பதில் 5
எழுதியவர்: மகளிர் நல வைத்தியர், வடமாகாணம்

சகோதரி, இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். வலியைப் பொறுத்துக்கொண்டு தொடர வேண்டாம். வலியோடு நடக்கும் ஒவ்வொரு உறவும், மேலே அந்த அன்பர் எழுதியதுபோல, தசைகளின் இறுக்கத்தைக் கூட்டுகிறது. உறவு தொடர்ந்தால் இரத்த ஓட்டம் நன்றாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் அது வலியில்லாத உறவுக்குப் பொருந்துவது. சில கிழமைகள் இடைவெளி விடுவதனால் எந்தக் கேடும் வராது.

கிறீமைப் பொறுத்தவரை, அதை நிறுத்தினால் மெலிவு மெல்லத் திரும்பும். ஆகவே பயன் தேவைப்படும் காலம்வரை தொடரலாம்; இத்தனை வருடம்தான் என்ற கட்டாய எல்லை எதுவும் இல்லை. இந்தச் சிறு அளவுக்குக் கருப்பையைப் பாதுகாக்கும் புரொஜஸ்ரரோனும் பொதுவாகத் தேவையில்லை. வருடத்துக்கு ஒரு தடவையாவது மீளாய்வுக்கு வாருங்கள். இரவில் படுக்கப் போகும்போது இடுவது நல்லது. உறவுக்கு முன் வழுக்கும் பொருளாக அதைப் பயன்படுத்த வேண்டாம், அதற்கு ஜெல் இருக்கிறது. முழுதாக உள்ளே தள்ள வேண்டியதில்லை. எரிவு வாயிலில் என்றால் விரல் நுனியில் எடுத்து அந்த இடத்திலும் சிறிது பூசலாம். தொடக்க நாட்களில் சற்று எரிந்தால் பயந்து நிறுத்திவிடாதீர்கள், மெலிந்த தோல் தேறும்வரை அப்படி இருக்கும். மூன்று மாதத்தின் பின்னும் மாற்றம் தெரியாவிட்டால் அதே கிளினிக்கில் மீண்டும் காட்டுங்கள். அப்போது தோல் நோயையும் தசை இறுக்கத்தையும் தனியாகப் பார்க்க வேண்டும், இயன்மருத்துவருக்கு அனுப்பும்படி நீங்களே கேட்கலாம். சேர்ட்ரலின் எழுதித் தந்த வைத்தியரிடம் போவதை மறந்துவிடாதீர்கள்.